வேற்றுக்கிரகப் படையெடுப்புக் கதைகளில் அரசியல் பக்கச்சார்பு: திருகோணமலை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராணுவ அறிபுனை நாவல்களை வாசிகசாலையிலோ வீட்டிலோ நாலு பேராகக் கூடி வாசிப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. கதைகளின் முடிவுகளை மறைக்கவில்லை. முடிவைச் சொல்லாமல் ஒரு போர்க்கதையின் அரசியலைப் பேச வழியில்லை.

எந்தக் கதைகளை இராணுவ அறிபுனை என்கிறீர்கள்?

படைவீரரின் கண்ணால் போரைச் சொல்லும் விஞ்ஞானக் கதைகளை. பயிற்சி, பதவிநிலை, ஆயுதம், கட்டளை, பக்கத்தில் நின்றவரின் சாவு எல்லாம் அதில் இருக்கும். வேற்றுக்கிரகத்தார் வந்து இறங்கினால் மட்டும் போதாது. எதிர்க்கும் படையின் உள்ளே நின்று நாம் பார்க்க வேண்டும்.

எழுதுகிறவருக்கு அரசியல் இருந்தால் என்ன பிழை?

ஒரு பிழையும் இல்லை. அரசியல் இல்லாத போர்க்கதை கிடையாது. ஒரு கருத்து வெல்ல இடமே இல்லாதபடி கதையைக் கட்டிவைப்பதைத்தான் நாங்கள் பக்கச்சார்பு என்கிறோம். வசனங்களில் தேடினால் அது பெரும்பாலும் அகப்படாது. அத்திவாரம் போடும்போதே வேலை முடிந்திருக்கும்.

எதிரிக்கு வாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பேசத் தெரியாத, சரணடையத் தெரியாத, பெருகிக்கொண்டே வருகிற ஓர் எதிரியை ஆசிரியர் படைத்துவிட்டால், "பேசிப் பார்ப்போம்" என்று சொல்லும் பாத்திரம் வாயைத் திறந்தவுடனே முட்டாளாகிவிடும். அவரை முட்டாளாக்கியது எதிரியின் உடலமைப்பு. அந்த உடலை வடிவமைத்தவர் ஆசிரியர். பிறகு, துவக்குத் தூக்காத சனங்கள் கதையில் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் முக்கால்வாசி தெரிந்த மாதிரி.

இந்த வகைக் கதை எங்கே தொடங்கியது?

வேற்றுக்கிரகத்தார் வருமுன் ஜெர்மானியர் வந்தார்கள். 1870–71இல் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்றதும் இங்கிலாந்தில் பயம் பிடித்தது. ஜோர்ஜ் செஸ்னி என்ற இராணுவப் பொறியியலாளர் 1871இல் 'பற்றில் ஒஃப் டோர்க்கிங்' என்ற கதையைப் பெயர் போடாமல் எழுதினார். ஜெர்மன் பேசும் படை இங்கிலாந்தில் இறங்கி வெல்கிறது. படைக்குச் செலவழிக்காவிட்டால் இதுதான் கதி என்பது அதன் செய்தி. அதைப் பின்பற்றி ஏராளமான கதைகள் வந்தன. ஆகவே படையெடுப்புக் கதை பிறக்கும்போதே பாதுகாப்புச் செலவுக்கான பிரசாரமாகத்தான் பிறந்தது.

எச்.ஜி. வெல்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். 1897இல் தொடராகவும் 1898இல் நூலாகவும் வந்த 'வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' செவ்வாய்க்கிரகத்தாரை இங்கிலாந்தில் இறக்குகிறது. முதல் அத்தியாயத்திலேயே, ஐரோப்பியர் தஸ்மேனியப் பழங்குடிகளை அழித்ததை நினைவூட்டி, அப்படிச் செய்த நாம் செவ்வாய்க்காரரைக் குறை சொல்ல முடியுமா என்று கேட்கிறது. பேரரசின் தலைநகரில் இருந்தவர்களை அடிவாங்கும் இடத்தில் நிறுத்திக் காட்டிய கதை அது.

நமக்கு இது புதிய விசயமல்ல. பிரட்ரிக் கோட்டை வாசல் கல்வெட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் பழம்பாட்டு இங்கே பலருக்கு மனப்பாடம்: குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், பின்னால் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று ஒவ்வொருவராக வருவர். பாடபேதங்கள் உண்டு. வந்தவர்களுக்குப் பெயரில்லை, பேச்சில்லை, கண்ணின் நிறம் மட்டும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். தாக்கப்பட்டவர் தாக்கியவரைப் பார்க்கும் பார்வை அப்படித்தான் இருக்கும். அதனால் எதிரிக்கு முகம் இல்லாததை மட்டும் வைத்து ஒரு கதையைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். யார் இடத்தில் நின்று சொல்லப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாத்திரம் சொல்வதை ஆசிரியரின் கருத்தாக எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. அந்தப் பேச்சுக்குக் கதை என்ன சான்று தருகிறது என்று பாருங்கள். வெல்ஸின் நாவலில் ஒரு பீரங்கிப்படை வீரர் வருகிறார். நகரம் அழிந்த பிறகு, பலசாலிகளை மட்டும் சேர்த்து நிலத்தடியில் வாழ்ந்து, மெலிந்தவர்களைக் கழித்து, ஒருநாள் செவ்வாய்க்காரரின் இயந்திரங்களையே பறிப்போம் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார். கேட்பவருக்கும் உற்சாகம் வருகிறது. பிறகு அவர் தோண்டிய சுரங்கத்தைப் பார்க்கிறோம்: ஒரு வார வேலை, நீளம் பத்து யார் (முப்பது அடி) தேறாது. கொஞ்சம் தோண்டிவிட்டு மண்வெட்டியை வைத்துவிட்டுச் சீட்டு விளையாடப் போகிறார்கள். அந்தப் பத்து யார்தான் ஆசிரியரின் பதில். இந்தப் பக்கங்களை மட்டும் பிரித்துச் சத்தமாக வாசியுங்கள். பேச்சுக்கும் கதைக்கும் உள்ள இடைவெளியைப் புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

ஹைன்லைனின் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' பாசிச நாவலா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி. "ஆம்" என்பதும் "இல்லை" என்பதும் சோம்பேறிப் பதில்கள்.

பின்னணி இது. 1958இல் அணுச்சோதனையை நிறுத்தக் கோரிப் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்தால் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் ரொபேர்ட் ஹைன்லைன் கோபமடைந்து பதில் விளம்பரம் கொடுத்தார். அந்த மனநிலையில் எழுதிய நாவல் 1959இல் வந்தது. 1960இல் அறிபுனைக்கான ஹியூகோ விருது கிடைத்தது. அந்த உலகில் கூட்டாட்சிச் சேவையை முடித்தவருக்கு மட்டுமே வாக்குரிமை. சேவையில் இருக்கும்போது அதுவும் இல்லை. இனத்தாலோ பாலாலோ சேவையில் சேரத் தடை கிடையாது. நாயகன் ஹுவான் ரிக்கோவின் வீட்டுமொழி தகாலொக் என்பது கடைசிப் பகுதியில்தான் தெரிகிறது. தனிப்பட்ட சர்வாதிகாரியும் இல்லை, இனமேன்மை வழிபாடும் இல்லை. ஆகவே பாசிசம் என்ற முத்திரை சரியாக ஒட்டாது.

ஆனால் கட்டுமானத்தைப் பாருங்கள். பாடசாலையில் ஒழுக்க மெய்யியல் வகுப்பு நடக்கிறது. ஆசிரியர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. மாணவர் எவரும் அவரை ஒருமுறைகூட மடக்கவில்லை. போருக்குக் காரணம் சனத்தொகை நெருக்கம், பெருகும் இனம் இடத்தைப் பிடிக்கும் அல்லது அழியும் என்கிறது நாவல். குடியேற்றக்காரர் எல்லாக் காலத்திலும் சொன்ன நியாயம் இது. எதிரி பூச்சியினம்: வேலையாள், போராளி, மூளை என்று பிறப்பிலேயே பிரிக்கப்பட்டது. இதைப் பரிணாமத்தால் அமைந்த முழுக் கம்யூனிசம் என்று நாவலே சொல்கிறது. பனிப்போர்க் காலத்தில் அதை யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஓரிடத்தைக் கிட்ட நின்று பாருங்கள். முதல் அத்தியாயத்தில் படை இறங்குவது பூச்சிகள் மேலல்ல, அவற்றோடு சேர்ந்திருக்கும் இன்னோர் இனத்தின் நகரத்தின் மேல். ரிக்கோ ஆட்கள் நிறைந்த ஒரு மண்டபத்துக்குள் குண்டொன்றை எறிகிறான். வெடிக்க இன்னும் எத்தனை செக்கன் இருக்கிறது என்று அந்தக் குண்டு அந்த மக்களின் சொந்த மொழியிலேயே எண்ணுகிறது. அந்தத் தாக்குதல் முழுவதிலும் எதிரியின் மொழி கேட்பது அந்தக் குண்டின் வாயிலிருந்துதான். பின்னால் அதே இனம் மனிதர் பக்கம் சேர்ந்துவிடுகிறது. அப்படியானால் பேச முடிந்தவர்களோடு ஏன் முதலில் பேசவில்லை? நாவல் அங்கே நிற்காமல் போய்விடுகிறது. வாசகர் நிற்க வேண்டும்.

1997இல் வந்த திரைப்படம் வேறு சரக்கு. இயக்குனர் போல் வெர்ஹோவன் நாஜிகள் பிடித்த நெதர்லாந்தில் பிள்ளைப்பருவத்தைக் கழித்தவர். நாவலின் உலகத்தைக் கேலி செய்யவே படம் எடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசாதீர்கள்.

அப்படியானால் இந்த வகை முழுவதும் வலதுசாரியா?

இல்லை. 1968 ஜூன் 'கலக்ஸி' சஞ்சிகையில் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர்கள் எதிரெதிரே இரண்டு விளம்பரம் கொடுத்தார்கள். வியட்நாம் போரை ஆதரித்து ஹைன்லைன், நிவன் முதலியோர். எதிர்த்து அசிமோவ், பிராட்பரி, லெ குவின் முதலியோர். துறை நடுவாகப் பிளந்து நின்றது.

வியட்நாமில் காயப்பட்டுத் திரும்பிய ஜோ ஹோல்ட்மன் 1974இல் 'த ஃபொரெவர் வோர்' எழுதினார். 18 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல். 1,143 ஆண்டுப் போர் முடிந்த பிறகு, அது பொய்க்காரணத்தில் தொடங்கியது என்றும், இரு இனத்துக்கும் பேசத் தெரியாததால்தான் நீண்டது என்றும் தெரியவருகிறது. ஒளிவேகத்துக்கு அருகில் போவதால் வீரருக்குச் சில மாதம், ஊருக்குச் சில தலைமுறை. திரும்பி வந்தால் தெரிந்த ஊர் இல்லை. இங்கே எதிரியின் வாய் பூட்டியிருந்தது. திறக்க முடிந்தபோது போர் நின்றது. ஒன்றைக் கவனியுங்கள்: நாயகன் வீடு திரும்பும் நடுப்பகுதி சஞ்சிகையில் வந்தபோது, சோர்வூட்டுகிறது என்று மாற்றப்பட்டது. பழைய பதிப்பும் பிந்திய பதிப்பும் வேறுபடும். குழுவில் எல்லோரும் ஒரே பதிப்பை வைத்திருங்கள்.

இடதுபக்கச் சாய்வும் உண்டு, அதையும் விடக் கூடாது. 2009இல் வந்த 'அவதார்' படத்தில் படையெடுப்பவர் மனிதர். அவர்களின் படையை நடத்தும் கர்னலுக்கு எந்த நியாயமும் வைக்கப்படவில்லை. அடிப்பதற்கென்றே நிறுத்திய ஆள். ஹைன்லைனின் பூச்சிக்கு இல்லாத வாய் இவருக்கும் இல்லை.

'எண்டர்ஸ் கேம்' எதிரிக்காக அழுகிறதே, அதுவும் பக்கச்சார்பா?

1985இல் வந்த அந்த நாவலில் ஒரு சிறுவன் விளையாட்டு என்று நினைத்து ஓர் இனத்தையே அழிக்கிறான்; பிறகு உண்மை தெரிந்து வருந்துகிறான். ஜோன் கெசல் 2004இல் எழுதிய கட்டுரை சரியான இடத்தில் கை வைத்தது: நோக்கம் தூயது என்றால் செயல் எதுவானாலும் குற்றமில்லை என்றாகும்படி கதை முழுவதும் ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. செத்த பிறகு எதிரிக்குப் பேச்சு கிடைக்கிறது. அந்த நேரத்தை ஆசிரியர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

நம்முடைய கடலில் விண்கல் விழும் நாவல் எது?

லாரி நிவனும் ஜெரி பூர்னலும் சேர்ந்து 1985இல் எழுதிய 'ஃபுட்ஃபோல்'. வருபவர்கள் யானைக்குட்டி போன்ற உருவம், மந்தையாக வாழ்பவர்கள். தோற்றவர் மல்லாந்து கிடக்க, வென்றவர் நெஞ்சில் கால் வைத்தால் தோற்றவர் மந்தையில் ஒருவர் ஆகிவிடுவார், அதன்பிறகு சண்டையில்லை. சரணடைந்த மனிதர் மறுபடி ஆயுதம் எடுப்பது அவர்களுக்கு விளங்குவதேயில்லை. எதிரிக்கு இவ்வளவு கவனமாக ஒரு பண்பாடு கட்டிய இராணுவ அறிபுனை குறைவு. அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அவர்கள் ஒரு சிறுகோளை இந்து சமுத்திரத்தில் வீழ்த்துகிறார்கள். கடல் எழுகிறது, இந்தியாவும் சுற்றியுள்ள கரைகளும் அழிகின்றன. கதையின் முக்கிய மாந்தர் அமெரிக்கரும் சோவியத் விண்வெளி வீரரும். நமது கரையில் செத்தவர்கள் எண்ணிக்கையாக வந்து போகிறார்கள். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட திருகோணமலையில் அந்தப் பகுதியை வேகமாகப் புரட்ட யாராலும் முடியாது. ஆசிரியர்களுக்கு நம்மேல் பகை இருந்திருக்க வேண்டியதில்லை. பெரிய அழிவு ஒன்று தேவைப்பட்டது, அதை வைக்கத் தூரமான கடல் ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். அந்தத் தெரிவே அரசியல்.

இன்னொன்றும் இருக்கிறது. பூர்னல் தலைமையில் எழுத்தாளரும் பொறியியலாளரும் கொண்ட ஆலோசனைக் குழுவொன்று நிவனின் வீட்டில் கூடி, அமெரிக்க ஜனாதிபதி றேகனின் நிருவாகத்துக்கு விண்வெளிப் பாதுகாப்புப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1983 மார்ச் 23 அன்று றேகன் ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். நாவலிலும் விஞ்ஞானக் கதை எழுத்தாளர்கள் அரசுக்கு ஆலோசனை சொல்கிறார்கள். 1956இலிருந்து இலங்கையில் வாழ்ந்தவரும், அதே ஆண்டில் சுவாமிமலைக்குக் கீழே கடலுக்குள் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டவருமான அறிபுனை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் அந்தத் திட்டத்தை எதிர்த்தார். 1984இல் நிவனின் வீட்டுக் கூட்டமொன்றில் ஹைன்லைனிடம் அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டார். அமெரிக்கர் அல்லாதவருக்கு அமெரிக்கப் பாதுகாப்பில் என்ன பேச்சு என்பது ஹைன்லைனின் கோபம். மேலேயிருந்து விழுவது யார் தலையில் என்று கேட்க, இந்தக் கரையில் இருப்பவருக்கு உரிமையுண்டு என்றே நாங்கள் நினைக்கிறோம்.

தண்ணீருக்காக வேற்றுக்கிரகத்தார் வருவது நடக்கக்கூடியதா?

கணக்கு ஒத்துவராது. மிக அருகிலுள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தூரம். ஒளிவேகத்தில் பத்திலொரு பங்கில் வந்தாலும் 42 ஆண்டு. இவ்வளவு தூரம் வந்தவர், செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் கொடுத்துப் பூமியிலிருந்து தண்ணீரைத் தூக்க வேண்டியதில்லை. வியாழனின் நிலவான யுரோப்பாவில் பூமியின் கடல்களைப் போல இரு மடங்கு நீர் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அங்கே யாரும் சுடவும் மாட்டார்கள். படையெடுப்பின் காரணம் பெளதிகத்தில் நிற்காவிட்டால், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று தேடுங்கள். பெரும்பாலும் எண்ணெய், நிலம், குடிவரவு என்று ஏதாவதொரு பூமிப் பயம் அகப்படும்.

ஹொலிவூட் படங்களில் அமெரிக்க இராணுவம் கை வைக்கிறதா?

கருவிகளும் தளங்களும் ஆட்களும் வேண்டுமென்றால் திரைக்கதையைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். 1996இன் 'இண்டிபெண்டன்ஸ் டே'க்கு ஏரியா 51 என்ற இரகசிய இராணுவத் தளம் பற்றிய பகுதியை நீக்க மறுத்ததால் உதவி கிடைக்கவில்லை. 2011இன் 'பற்றில்: லொஸ் ஏஞ்சலிஸ்' மரீன் படையின் உதவியோடு எடுக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து, கட்டளை மீறும் வீரர் எத்தனை பேர், தப்பான கட்டளை கொடுக்கும் அதிகாரி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சீன நாவல் 'த்ரீ பொடி ப்ரொப்ளம்' எந்தப் பக்கம்?

மேற்கின் இடது, வலது அளவுகோலால் அதை அளக்காதீர்கள். லியூ சிசின் 2006இல் தொடராக எழுதியது; 2014இல் ஆங்கிலத்தில் வந்து 2015இல் ஹியூகோ பெற்றது. ஆங்கிலப் பதிப்பு கலாசாரப் புரட்சிக் காட்சியோடு தொடங்கும். சீன நூலில் அது நடுவில் இருக்கிறது. தொடக்கத்தில் வைத்தால், பூமிக்கு எதிரியை அழைத்தவரின் காயம் முதலில் தெரியும். நடுவில் வைத்தால் மர்மத்துக்கு விடையாகத் தெரியும்.

பிந்திய பாகங்களில் பிரபஞ்சம் ஓர் இருண்ட காடு. தெரிந்துவிட்டால் சுடப்படுவாய், ஆகவே முதலில் சுடு. அதில் இரக்கப்படுபவர் எடுக்கும் முடிவுகளே பேரழிவாகின்றன. இது இயற்கை விதி போலச் சொல்லப்பட்டாலும் ஆசிரியர் தெரிந்தெடுத்த முற்கோள்தான். பரஸ்பரச் சந்தேகம் ஒருபோதும் தீராது என்ற ஒரு வரியை எடுத்துவிட்டால் காடு கலைந்துவிடும்.

விருதுகளிலும் இந்தச் சண்டை இருக்கிறதாமே?

2015 ஹியூகோவில் ஒரு குழு, விருதுகள் இடதுசாரிகளின் கைக்குப் போய்விட்டதாகச் சொல்லிப் பட்டியல் போட்டு முன்மொழிந்தது. ஐந்து பிரிவுகளில் "விருது இல்லை" என்று வாக்காளர் முடித்தார்கள். அந்தப் பட்டியலால் தெரிவான மார்க்கோ க்ளூஸ் என்ற இராணுவ அறிபுனை எழுத்தாளர் தன் நாவலை விலக்கிக்கொண்டார். வெற்றிடத்துக்கு வந்தது லியூவின் நாவல், அதுவே வென்றது.

வேற்றுக்கிரகத்தார் வந்தால் மனிதகுலம் ஒன்றுபடும் என்கிறார்களே?

1987 செப்டெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் றேகனும் சொன்னார். நாவலில் அந்த வரி வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மொழியில் ஒன்றுபடுகிறார்கள்? கட்டளை யார் வாயிலிருந்து வருகிறது? தமிழும் சிங்களமும், தமிழ் பேசும் முஸ்லிம்களும் ஒரே பேருந்து நிலையத்தில் நிற்கும் ஊர் இது. ஓர் அறிவித்தல் ஒரு மொழியில் மட்டும் வந்தால் யார் கடைசியாக ஓடத் தொடங்குவார் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர்கூட இல்லாமல் உலகம் ஒன்றுபடுகிற கதை, தன் மொழிதான் உலகம் என்று நினைத்தவரின் கதை.

குழுவாக வாசிப்பது எப்படி?

ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு நாவலுக்கு மூன்று சந்திப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பியில் நான்கு நிரல் கீறுங்கள்: பக்கம், சொன்னது யார், சொன்ன கருத்து, கதை அதை மெய்ப்பித்ததா பொய்ப்பித்ததா. நான்காவது நிரலை வாசிக்கும்போதே நிரப்பாதீர்கள்; முடித்த பிறகு திரும்பி வந்து நிரப்புங்கள். முதல் 50 பக்கத்தையும் கடைசி 50 பக்கத்தையும் எல்லோரும் குறிக்க வேண்டும், நடுப்பகுதியைப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் எதிரி பேசும் இடங்களை மட்டும் எண்ணட்டும். இன்னொருவர் சனங்களை மட்டும் பார்க்கட்டும்: இடம்பெயர்ந்தோர், முகாம், சாப்பாட்டு வரிசை, பெயர் சொல்லிச் செத்தவர், பெயரில்லாமல் செத்தவர்.

எங்கே பிழை வரும்?

ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்துவிட்டு நாவலுக்குத் தீர்ப்புச் சொல்வது முதல் பிழை. கதை முதலில், வரலாறு மூன்றாம் சந்திப்பில். தனக்குப் பிடிக்காத பக்கத்தில் மட்டும் சாய்வு தேடுவது அடுத்தது. ஒரு ஹைன்லைனுக்கு ஒரு ஹோல்ட்மன் என்று சேர்த்து வாசித்தால் அது தணியும். எல்லாவற்றையும் உருவகமாகக் கண்டு, பூச்சி என்றால் இன்னார், யானை என்றால் இன்னார் என்று பூட்டுவதும் வாசிப்பைக் கெடுக்கும்.

பேச்சு நம் ஊர்ப் போருக்குத் திரும்பும். திரும்பட்டும், அதைத் தடுக்க வேண்டாம். ஷெல்லடியும் பங்கரும் கண்டவர் கதையில் அதே காட்சி வரும்போது எழுந்து வெளியே போனால், போக விடுங்கள். யாரிடமும் "உங்களுக்கு எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கொப்பியை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

திருகோணமலையில் நடக்கும் படையெடுப்புக் கதை எழுத விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இடம் கையில் இருக்கிறது: இயற்கைத் துறைமுகம், சீனக்குடா விமானத்தளம், பிரித்தானியர் கட்டி இன்றும் 99 நிற்கும் எண்ணெய்க் குதங்கள். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் தாக்கியதைப் படித்துக்கொள்ளுங்கள். தாக்குதல் வருமென்று முதல்நாள் இரவே கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். அப்படிப் போன விமானந்தாங்கி 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. சரியான எச்சரிக்கை, சரியான கட்டளை, அப்படியிருந்தும் இழப்பு. இப்படி ஒரு திருப்பத்தை யாரையும் முட்டாளாக்காமல் எழுதலாம்.

ஆயுதத்துக்குக் கணக்குப் போடுங்கள். 1,000 கிலோ கல் செக்கனுக்கு 10 கிலோமீற்றரில் வந்தால், வளிமண்டலத்தில் இழப்பதைக் கழிக்காமல், ஏறத்தாழ 12 தொன் ரிஎன்ரி வெடிமருந்தின் சக்தி. சில குதங்களுக்குப் போதும், நகரத்துக்குப் போதாது. நகரமே அழிய வேண்டுமென்றால் ஆயிரம் தொன்னுக்கு மேல் எடையுள்ள கல் வேண்டும். அவ்வளவு பெரிய கல்லை எவர், எத்தனை மாதம் முன்பு தள்ளினார் என்பதற்கும் கதையில் விடை வேண்டும்.

குறைந்தது ஓர் அத்தியாயத்தைப் படைக்கு வெளியே வையுங்கள். விடியற்காலையில் கரைவலை இழுப்பவர்கள் வானத்தில் எதையோ காண்கிறார்கள்; வலையை விடுவதா, இழுத்து முடிப்பதா? வலைக்குக் கடன் இருக்கிறது, ஆள் தேவை இருக்கிறது, மீன் உள்ளே இருக்கிறது. அந்த முடிவை ஐந்து பக்கத்துக்கு எழுத முடிந்தால் மீதிக் கதையில் சனங்கள் எண்ணிக்கையாகிவிட மாட்டார்கள். வந்தவர்கள் முதலில் எழுப்பும் ஒலியை யார் கேட்கிறார், அதை எந்த மொழியின் சொல்லென்று தப்பாக எடுக்கிறார் என்பதை முதல் பத்துப் பக்கத்துக்குள் வைத்துவிடுங்கள்.